டயட் சோடாப் பழக்கத்தைக் குறைப்பது எப்படி?

நீரிழிவுப் புறநோயாளிகள் பிரிவில், குளிர்பானம் அருந்துவீர்களா என்று கேட்டால், "டயட் மட்டும்தான் டாக்டர்" என்ற பதில் அடிக்கடி கிடைக்கிறது. அந்தப் பதிலில் ஒரு நல்ல முடிவு அடங்கியுள்ளது. 300 மி.லி. சாதாரண கோலாவில் ஏறத்தாழ 30 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி சர்க்கரை உள்ளது. டயட் வகைக்கு மாறியவர் அதைத் தவிர்த்திருக்கிறார். ஆயினும் சர்க்கரை இல்லை என்ற தைரியத்தில் நாளொன்றுக்கு நான்கு, ஐந்து கேன்கள் வரை சென்றுவிடுவோர் உண்டு. அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் இக்கட்டுரை.

கேனுக்குள் இருப்பவை

டயட் கோலாவில் சர்க்கரைக்குப் பதிலாக அஸ்பார்டேம், அசிசல்ஃபேம் பொட்டாசியம், சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்பூட்டிகள் சேர்க்கப்படுகின்றன. அஸ்பார்டேம் சர்க்கரையைவிட ஏறத்தாழ 200 மடங்கும், சுக்ரலோஸ் ஏறத்தாழ 600 மடங்கும் இனிப்பானவை. ஆகவே மிகச் சிறிய அளவே போதுமானது. இரத்தச் சர்க்கரையும் உடனடியாக உயர்வதில்லை. ஆனால் இனிப்பு நீங்கினாலும் அமிலமும் காஃபீனும் அப்படியே இருக்கின்றன.

கோலாவின் புளிப்புக்குக் காரணம் பாஸ்பாரிக் அமிலம். பல்லின் எனாமல் பி.எச். 5.5-க்குக் கீழே கரையத் தொடங்கும். டயட் கோலாவின் பி.எச். ஏறத்தாழ 3. ஒரே வேளையில் குடித்து முடிப்பதைக் காட்டிலும், மேசைமேல் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சிறிது சிறிதாக உறிஞ்சுவது பற்களுக்கு அதிகக் கேடு. நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் உள்ளவர்களுக்குப் பானத்திலுள்ள வாயு அத்தொல்லையைக் கூட்டக்கூடும்.

ஒரு கேன் டயட் கோலாவில் பொதுவாக 30 முதல் 45 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். ஐந்து கேன்களோடு வழக்கமான காப்பியும் சேரும்போது அது சிறிய அளவன்று. உடலில் காஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை 6 மணிக்கு அருந்தியதில் பாதி, இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கும். உறக்கம் கெடுகிறது, மறுநாள் சோர்வு, சோர்வைப் போக்க இன்னொரு கேன். பழக்கம் வலுப்பெறும் வழி இதுவே.

புற்றுநோய் பற்றிய அச்சம்

2023 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அஸ்பார்டேமைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. ஆதாரம் வரம்புக்குட்பட்டதாக உள்ளபோது ஒரு பொருள் இடம்பெறும் பிரிவு அது. அதே வேளையில் உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. ஒரு கேனில் 200 முதல் 300 மில்லிகிராம் இருப்பதாகக் கொண்டால், 70 கிலோ எடையுள்ளவர் வரம்பைத் தாண்ட நாளொன்றுக்கு 9 முதல் 14 கேன்களுக்கு மேல் அருந்த வேண்டும். ஆகவே பீதி வேண்டியதில்லை. பினைல்கீட்டோனூரியா என்ற அரிய பிறவி நோய் உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

2023 மே மாதத்தில் அதே நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது. எனினும் எடை குறைவதற்கு டயட் சோடாவை மட்டும் நம்பியிருப்போர் இதை மனத்தில் கொள்வது நல்லது.

உடனடிக் கவனம் வேண்டியவர்கள்

சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களின் உடலில் பாஸ்பரஸ் தேங்குகிறது. உணவில் இயற்கையாக உள்ளதைவிட, சேர்க்கைப் பொருளாக வரும் பாஸ்பேட் எளிதில் உறிஞ்சப்படுகிறது. இவர்கள் கருநிறக் கோலாக்களைத் தவிர்ப்பதே முறை. கருவுற்றோர் காப்பி, தேநீர், கோலா அனைத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் காஃபீனைத் தாண்டக் கூடாது.

அடங்காத தாகத்தால் ஒருவர் கேன் கேனாகக் குடிக்கிறார் என்றால், முதலில் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். பழக்கம் என்று நினைப்பது உயர்ந்த சர்க்கரையின் அறிகுறியாக இருக்கலாம்.

இன்னொன்று உயிர் காக்கும் செய்தி. இன்சுலின் அல்லது சில வகை மாத்திரைகள் எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஏற்படும்போது, பதற்றத்தில் குளிர்பெட்டியிலிருந்து டயட் கோலாவை எடுத்துக் கொடுத்தால் எந்தப் பயனும் இல்லை. அதில் சர்க்கரையே கிடையாது. மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.

படிப்படியாகக் குறைத்தல்

ஐந்து கேன்களை ஒரே நாளில் நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் தொடங்கலாம். இவை காஃபீன் விலகலின் விளைவுகள். சில நாள்களில், அதிகம் போனால் ஒன்பது நாள்களில் அடங்கிவிடும். இதை அறியாதவர்கள் இரண்டாம் நாளே பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே மெதுவாகக் குறைப்பதே நன்று.

முதல் மூன்று நாள்கள் எதையும் மாற்ற வேண்டாம். எந்த நேரத்தில், எதற்காக ஒவ்வொரு கேனையும் திறக்கிறீர்கள் என்று குறித்து வையுங்கள். தாகமா, தூக்கக் கலக்கமா, வேலையின் சலிப்பா, உணவோடு வந்த வழக்கமா என்பது தெளிவாகும். பின்னர் வாரத்துக்கு ஒரு கேன் வீதம் குறையுங்கள். மாலைக்குப் பிறகு அருந்துவதை முதலில் நீக்குங்கள். உறக்கம் சீரானால் அடுத்த படி எளிதாகும். நீக்கிய கேனுக்கு ஈடாகக் காப்பியைக் கூட்டிவிடாதீர்கள்.

தாகத்துக்குத் தண்ணீர், சீரகத் தண்ணீர், நீர்மோர் நல்லவை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மோரில் உப்பைத் தவிர்க்கவும். நுரைக்கும் வாயுவுக்கே ஏங்குபவர்கள் இனிப்பில்லாத வெறும் சோடாவில் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். 'இயற்கையானது' என்பதற்காகக் கரும்புச்சாறு, நன்னாரி சர்பத், பழச்சாறு ஆகியவற்றுக்கு நீரிழிவு உள்ளவர்கள் மாறக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் அருந்த வேண்டாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் தங்களுக்கு வரையறுக்கப்பட்ட மொத்த நீரளவைத் தாண்டக் கூடாது.

அருந்தும் கேனை உணவு வேளையில் அருந்தி, பின் தண்ணீரால் வாய் கொப்புளியுங்கள். உடனே பல் துலக்கினால் மென்மையடைந்த எனாமல் தேயும். அரை மணி நேரமாவது பொறுங்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். கேன்களைப் பெட்டிபெட்டியாக வாங்கிச் சேமிக்காதீர்கள். அந்தந்த வாரத்துக்கு உரியதை மட்டும் வாங்குங்கள். ஒரு நாள் கணக்குத் தவறினால் கடிந்துகொள்ள வேண்டாம். மறுநாள் அதே அளவிலிருந்து தொடரலாம். இரண்டு மூன்று வாரங்களில் நாக்கு குறைந்த இனிப்புக்குப் பழகத் தொடங்கும். நாளுக்கு ஒன்று, பின்னர் வாரத்துக்கு ஒன்றிரண்டு என்ற நிலையை அடைந்தாலே பெரும்பாலோருக்குப் போதுமானது. அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, சர்க்கரைப் பதிவேட்டுடன் அந்தக் கேன் கணக்கையும் கொண்டு வாருங்கள்; இரண்டையும் சேர்த்துப் பார்த்து மேற்கொண்டு முடிவு செய்வோம்.