முந்திரித் தோப்பிலிருந்து மதுக்கூடம் வரை: கோவாவின் ஃபெனி மரபு ஒரு விளக்கம்

பனாஜி: கோவாவுக்குச் சுற்றுலா செல்வோரில் பலர் கடற்கரை விடுதிகளில் பியர் அருந்துவதோடு ஊர் திரும்பிவிடுகின்றனர். அம்மாநிலத்துக்கே உரிய ஃபெனியை அவர்கள் கடை அலமாரியில் பார்த்ததோடு சரி. முந்திரி ஃபெனி 2009-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. 2016-ஆம் ஆண்டில் கோவா அரசு ஃபெனியைப் பாரம்பரிய மதுபானமாக அறிவித்தது. ஆயினும், ‘நாட்டுச் சாராயம்’ என்ற பழைய சட்ட வகைப்பாடு அதனை நீண்ட காலம் மாநில எல்லைக்குள்ளேயே நிறுத்தி வைத்தது. இதனால் ஃபெனியையும் அதைச் சார்ந்த வாழ்க்கை முறையையும் அறிய விரும்புவோர் கோவாவுக்கே செல்ல வேண்டியுள்ளது. அதிலும், எந்த மாதத்தில் செல்கிறோம் என்பது முக்கியம்.

பிரேசிலில் இருந்து வந்த மரம்

முந்திரி இந்திய மரம் அன்று. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் அதனைப் பிரேசிலில் இருந்து கொண்டுவந்தனர். அதற்கு முன்பே கோவாவில் தென்னங்கள்ளை வடித்து மது தயாரிக்கும் வழக்கம் இருந்தது. தெரிந்த அந்தத் தொழில்நுட்பத்தை உள்ளூர் மக்கள் புதிய பழத்துக்கும் பயன்படுத்தினர். தென்னை ஃபெனி இன்றும் தெற்கு கோவாவில் தயாரிக்கப்படுகிறது. கொங்கணி மொழியில் ‘ஃபேண்’ என்றால் நுரை. ஃபெனி என்ற பெயர் அதிலிருந்து வந்ததாகக் கூறப்படுகிறது.

முந்திரி விளையும் பிற பகுதிகளில் கொட்டைக்குத்தான் மதிப்பு. தமிழகத்தின் பண்ருட்டி வட்டாரத்திலும் பழத்தின் பெரும்பகுதி வீணாகவே போகிறது. கோவாவிலோ பழமும் கிராமக் குடும்பங்களுக்கு வருவாய் தருகிறது.

தயாரிப்பு முறை

பழுத்துத் தானாக உதிர்ந்த பழங்களே சேகரிக்கப்படுகின்றன. கொட்டையைத் திருகி அகற்றிய பின், பழங்களைப் பாறையில் குடைந்த தொட்டியிலோ சிமென்ட் தொட்டியிலோ இட்டுக் காலால் மிதிப்பது மரபு. சக்கையைக் குவித்துப் பாரம் ஏற்றும்போது துளித்துளியாக வடியும் தெளிந்த சாறு ‘நீரோ’ எனப்படுகிறது. இதில் போதை இல்லை; புதிதாக இருக்கும்போதே அருந்த வேண்டும்.

மிதித்து எடுத்த சாறு சில நாட்கள் தானாகவே புளிக்கிறது. அதனைப் பானையில் காய்ச்சும்போது எழும் ஆவி, குளிர்ந்த நீரால் தணிக்கப்பட்டு மற்றொரு பானையில் சேர்கிறது. முதல் வடிப்பில் கிடைப்பது ‘உர்ராக்’. இதில் ஆல்கஹால் அளவு சுமார் 15 விழுக்காடு. உர்ராக்குடன் புளித்த சாற்றைச் சேர்த்து மீண்டும் வடித்தால் ஃபெனி கிடைக்கும். அதன் அளவு ஏறத்தாழ 42 விழுக்காடு.

இந்த வேறுபாடுதான் பயணிகள் முதலில் அறிய வேண்டியது. ஃபெனியைக் கண்ணாடிக் குடுவையில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். உர்ராக் விரைவில் சுவை மாறிவிடும் என்பதால், மார்ச் முதல் மே வரையிலான முந்திரிப் பருவத்தில் மட்டுமே பரவலாகக் கிடைக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அலைமோதும் டிசம்பர் மாதத்தில் வருவோருக்கு அது கிடைப்பதில்லை.

தாவெர்னாவின் வழக்கங்கள்

கிராமங்களிலும் பனாஜியின் பழைய குடியிருப்புகளிலும் உள்ள சிறிய மதுக்கூடங்கள் ‘தாவெர்னா’ என்ற போர்ச்சுகீசியப் பெயரால் அழைக்கப்படுகின்றன. சில மர இருக்கைகள், பழகிய வாடிக்கையாளர்கள், ஊர்ப் பேச்சு என இயங்கும் இடங்கள் இவை. நண்பகலில் கடையைச் சாத்திவிட்டு மாலையில் திறக்கும் வழக்கமும் உண்டு.

உர்ராக்கில் எலுமிச்சை சோடா ஊற்றி, உப்பும் கீறிய பச்சை மிளகாயும் சேர்த்து அருந்துகின்றனர். ஃபெனியைச் சிறு கோப்பையில் சிறிது சிறிதாக அருந்துவதே பழைய முறை. பொரித்த மீன், சோரிசோ எனப்படும் காரமான பன்றி இறைச்சித் தொத்திறைச்சி ஆகியவை உடன் பரிமாறப்படுகின்றன. முதன்முறையாக முகர்வோருக்கு அதன் கடும் மணம் பிடிக்காமல் போகலாம். உள்ளூர் மக்களோ அந்த மணத்தைக் கொண்டே தரத்தை மதிப்பிடுகின்றனர்.

ஃபெனிக்குச் சடங்குகளிலும் இடமுண்டு. ஜூன் 24-ஆம் தேதி கொண்டாடப்படும் ‘சாவ் ஜோவாவ்’ திருவிழாவில், மழையில் நிரம்பிய கிணறுகளில் இளைஞர்கள் குதித்து நீராடுகின்றனர். வீட்டார் அவர்களுக்குப் பழங்களையும் ஃபெனியையும் அளிப்பது மரபு.

சட்டமும் எதிர்காலமும்

‘நாட்டுச் சாராயம்’ என்ற முத்திரை பெயரளவிலானது அன்று. மதுபானச் சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், அந்த வகையில் சேர்க்கப்பட்ட ஒன்றை வெளிமாநிலங்களில் விற்பது கடினம். மலிவான சரக்கு என்ற எண்ணமும் அதனாலேயே நிலைத்தது. புவிசார் குறியீடும் பாரம்பரியத் தகுதியும் இந்நிலையை மாற்றும் நோக்கம் கொண்டவை. 2021-ஆம் ஆண்டில் ஃபெனிக்கெனத் தனிக் கொள்கையையும் கோவா அரசு வெளியிட்டது.

காய்ச்சுவோரின் சிக்கல்கள் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. தொழில் ஆண்டுக்குச் சில மாதங்களே நடைபெறுகிறது. பழம் பொறுக்கவும் மிதிக்கவும் ஆட்கள் கிடைப்பது அரிதாகி வருகிறது. தென்னை ஏறிக் கள் இறக்குவோரும் குறைந்து வருகின்றனர். உழைப்புக்கேற்ற விலை கிடைத்தால் மட்டுமே அடுத்த தலைமுறை இத்தொழிலில் நீடிக்கும்.

பயணிகள் கவனத்துக்கு

கோவாவில் மது அருந்துவதற்கான குறைந்தபட்ச வயது 21. கடற்கரை போன்ற சுற்றுலாத் தலங்களில் திறந்தவெளியில் மது அருந்தினால் அபராதம் விதிக்கப்படும். முத்திரையோ விவரச்சீட்டோ இல்லாத புட்டிகளைத் தவிர்த்து, உரிமம் பெற்ற கடைகளில் மட்டுமே வாங்குவது பாதுகாப்பானது.

ஊருக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர், செல்லும் வழியிலும் சேரும் இடத்திலும் உள்ள சட்டத்தை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். குஜராத், பீகார் மாநிலங்களில் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. உர்ராக் எளிதாக இறங்கினாலும் போதை தரக்கூடியதே. அதை அருந்திவிட்டு வாடகை இருசக்கர வாகனத்தை ஓட்டுவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. மது அருந்தாதவர்களும் முந்திரிப் பருவத்தில் சென்றால் காய்ச்சும் கூடங்களைப் பார்வையிடலாம். நீரோவைச் சுவைத்துப் பார்க்கலாம்.