செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே ஒரு பறவை

செஞ்சி வட்டாரத்தில் ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குப் பறப்பது ஒரு கொண்டைக்குருவிக்குப் பெரிய காரியமில்லை. இடையிலுள்ள வயலும் புதரும்கூட அதற்கு வாழுமிடம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிச் சோலைகளில், தரையோர நிழலில் பூச்சி தேடும் சோலாக்கிளியின் நிலை அப்படியல்ல. பெயரில் கிளி இருந்தாலும் அது நீலச்சாம்பல் நிறச் சிறு பாடும் பறவை. குளிர்ந்த சோலையை விட்டு அது கீழே இறங்குவதில்லை. பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் அதற்குக் கடல் மாதிரி. 2017-ல் வி. வி. ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இப்பறவைகளுக்குச் சோலிகோலா என்ற புதிய பேரினத்தை வகுத்து, மூன்று இனங்களாகப் பிரித்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சோலாக்கிளி. தெற்கே பழநி, ஆனைமலைப் பக்கம் வெண்வயிற்றுச் சோலாக்கிளி. செங்கோட்டைக்கும் தெற்கே, அகத்தியமலைத் தொடரில் அசம்பு சோலாக்கிளி. இந்த மூன்றாவதுதான் அறிவியலுக்குப் புதியது.

நீலகிரிப் பறவையை விலாவின் செம்பழுப்பு காட்டிக்கொடுத்துவிடும். மற்ற இரண்டையும் அருகருகே வைத்தாலும் பிரிப்பது கடினம். அப்படியானால் எதை நம்பி வேறு இனம் என்பது? தோற்றத்தை நம்ப முடியாது என்பதற்கு இப்பறவைகளே சாட்சி: இமயமலைக் குறுஞ்சிறகுப் பறவைகளைப் போல இருந்ததால் நெடுங்காலம் அவற்றோடு சேர்க்கப்பட்டிருந்தன, மரபணுவோ இவை ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கியவை என்றது. பாட்டு நல்ல தடயம், ஆனால் தனியே போதாது. பாடும் பறவைக் குஞ்சுகள் மூத்தவற்றைக் கேட்டே பாடப் பழகுகின்றன. பிரிந்து வாழும் கூட்டங்களில் வட்டார வழக்குகள் விரைவில் உண்டாகிவிடும். அதனால்தான் மரபணு, உடலளவு, நிறம், பாட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். இரு கணவாய்களின் இடங்களிலேயே மரபணுவும் பிரிந்திருந்தது; அதுவும் நேற்று நடந்த பிரிவல்ல, பல லட்சம் ஆண்டுப் பழமை.

சந்திக்கவே வாய்ப்பில்லாத பறவைகள் இணையுமா என்று எப்படித் தெரியும் என்ற ஆட்சேபம் வலுவானது. சலீம் அலி பெயர் தாங்கிய இமயமலைக் காட்டுப் பூங்குருவிக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. 2009-ல் மேற்கு அருணாசலத்தில் பெர் ஆல்ஸ்ட்ராமும் சஷாங்க் தல்வியும் ஒரே மலையில் ஊசியிலைக் காட்டில் இனிய பாட்டையும், அதற்கு மேலே மரமற்ற பாறைவெளியில் கரகரத்த பாட்டையும் கேட்டார்கள். 2016-ல் புது இனம் அறிவிக்கப்பட்டது. பக்கத்திலேயே இருந்தும் கலக்காதது அங்கே நேரடிச் சான்று. அசம்புவுக்கு அது கிடையாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் ஏற்கெனவே தனி இனங்களாக ஒப்புக்கொள்ளப்பட்ட உறவுப் பறவைகளுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு உண்டோ, அதை அளவுகோலாக வைத்து ஒப்பிடுவது நேர்மையான வழி என்றே நினைக்கிறேன். பாதுகாப்புக்காகவே இனங்களைப் பெருக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டையும் நான் ஏற்கவில்லை. கணவாய் பிரித்ததைத்தான் ஆய்வாளர்கள் எழுதிவைத்தார்கள். இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொண்டிருந்தால், அகத்தியமலையில் அது அடியோடு அழிந்தாலும் பழநியில் இருக்கிறதே என்று கணக்கை நேர்செய்துவிடுவோம்.