ஜிம்மி பாட்டும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



திருப்பதியிலும் சித்தூரிலும் நம்மவர் வீட்டுக் கல்யாணங்களில் இப்போதெல்லாம் ஒரு காட்சியைக் காணலாம். பழைய பாட்டொன்றைத் 'தம், தம்' என்ற அடியோடு ஒலிபெருக்கியில் போடுவார்கள். பிள்ளைகள் எழுந்து ஆடுவார்கள். பெரியவர்களோ, "நல்ல பாட்டை இப்படிக் கெடுத்துவிட்டார்களே" என்று முகம் சுளிப்பார்கள். இது கெடுப்பதுதானா? ஒரு தமிழ்ப் பெண் பாடிய பாட்டை வைத்துப் பார்ப்போம்.

முதலில் சில சொற்கள். ஒருவர் பாடிய பாட்டை வேறொருவர் புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் அது 'கவர்'. பழைய ஒலிப்பதிவையே எடுத்து அடியையும் வேகத்தையும் மாற்றினால் 'ரீமிக்ஸ்'. அதில் ஒரு துண்டை மட்டும் வெட்டிப் புதுப்பாட்டில் ஒட்டினால் 'சாம்பிள்'.

'ஹவுஸ்' இசை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தது. அங்கே 'வேர்ஹவுஸ்' என்ற நடன அரங்கில் பிராங்கி நக்கிள்ஸ் என்பவர் இசைத்தட்டுகளைச் சுழற்றி வந்தார். அந்த அரங்கின் பெயரே சுருங்கி 'ஹவுஸ்' ஆயிற்று என்பர். நான்கு எண்ணிக்கையிலும் தவறாமல் விழும் கனத்த முரசடி, நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 130 வரை. இதுவே அதன் அடையாளம். டிஸ்கோ இசையின் பிள்ளை என்றே இதைச் சொல்லலாம்.

1982இல் மிதுன் சக்ரவர்த்தி நடித்து வெளிவந்த 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படம் பலருக்கு நினைவிருக்கும். அதில் பப்பி லஹிரி இசையில் 'ஜிம்மி ஜிம்மி' பாட்டைப் பாடியவர் பார்வதி கான். அவர் கரீபியன் தீவான டிரினிடாடில் பிறந்தவர். கடல் கடந்து போன இந்தியர் வழிவந்தவர்.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2007இல், அதே பாட்டை 'ஜிம்மி' என்ற பெயரில் தனிப்பாட்டாக வெளியிட்டவர் எம்.ஐ.ஏ. என்னும் மாதங்கி அருள்பிரகாசம். 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போரின் காரணமாகத் தாயோடு அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்தவர். சிறுமியாக இருந்தபோது விருந்துகளில் இந்தப் பாட்டுக்குத்தான் ஆடுவாராம். அதைப் பதிவு செய்ய உடனிருந்தவர் ஹவுஸ் இசையில் பெயர் பெற்ற ஆங்கிலேயர் சுவிட்ச். மெட்டையும் 'ஜிம்மி' என்ற அழைப்பையும் விடவில்லை. சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் மாற்றி, ருவாண்டா, டார்பர் முதலிய போர் நிலங்களின் பெயர்களை உள்ளே வைத்தார். ஆடவைக்கும் பாட்டுக்குள் அகதியின் நினைவு வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த இசைத்தொகுப்பின் பெயர் 'கலா'. அது அவருடைய தாயாரின் பெயர். அதற்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளக் கலைஞர்களின் வாசிப்பைப் பதிவு செய்தார். 'தளபதி' (1991) படத்தில் இளையராஜா இசையமைத்த 'காட்டுக்குயிலு' பாட்டின் துண்டு அதில் உண்டு. 'ஜெயம்' படப்பாட்டின் துண்டும் உண்டு. ஜெயம் நமக்கு மிகவும் நெருங்கிய படம்: 2002இல் தெலுங்கிலும் 2003இல் தமிழிலும் வந்தது. இரண்டுக்கும் இசை ஆர்.பி.பட்நாயக். நம் பிள்ளைகளைப் போலவே அதற்கும் இரண்டு மொழி!

இதில் நாம் அறியவேண்டியது என்ன? லண்டனில் வளர்ந்த பெண் தன் காலத்து அடியில் பாடினாலும், எடுத்துப் பாடுவதற்கு வீட்டில் கேட்ட பாட்டு ஒன்று கைவசம் இருந்தது. அது இல்லாவிட்டால் 'கவர்' ஏது? நம் பிள்ளைகளில் பலர் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்துக் கூட்டவே திணறுகிறார்கள். அவர்களுக்குப் பாட்டுத்தான் மிஞ்சியிருக்கும் கயிறு. அவர்கள் போடும் 'தம், தம்' அல்ல நமக்கு ஆபத்து. வீட்டில் நாம் பாடாமல் இருப்பதுதான் ஆபத்து.

ஆகவே அடுத்த பொங்கல் விழாவில் ஒன்று செய்யலாம். பெரியவர் ஒருவர் பழைய பாட்டைப் பாடட்டும். அதையே பிள்ளைகள் தங்கள் அடியில் பாடட்டும். ஒரே நிபந்தனை: எழுதியவர், இசையமைத்தவர், முதலில் பாடியவர், ஆண்டு ஆகியவற்றை மேடையில் பிள்ளைகளே சொல்லவேண்டும். பாட்டு மாறலாம், அது யார் வீட்டுப் பாட்டு என்பது மறந்து போகக்கூடாது.