டிராக்டருக்கு வேறு கம்பெனி ஆயில் ஊற்றலாமா?

வெள்ளாற்றங்கரையில் உள்ள லப்பைக்குடிக்காட்டின் சுற்றுப்புறச் சிற்றூர்களில் மக்காச்சோளமும் பருத்தியும் மானாவாரியாகப் பயிராகின்றன. மழை ஈரம் காயுமுன் உழுது விதைத்தாக வேண்டும். அந்த வேளையில், டிராக்டர் இஞ்சினுக்கு வழக்கமாக ஊற்றும் ஆயில் கடையில் இல்லையென்றால் என்ன செய்வது? வேறு கம்பெனி ஆயில் கெடுதல் என்று அஞ்சி, ஆயில் குறைந்த நிலையிலேயே ஓட்டக் கூடாது. ஆயில் குறைந்தால் பேரிங்குகள் தேயும். இஞ்சின் இறுகி நின்றுவிடும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது கம்பெனியின் பெயரையன்று. டப்பாவின் மேல் உள்ள இரண்டு குறிகளையே. முதலாவது எஸ்.ஏ.இ. எண். இது ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும். 15டபிள்யூ-40 என்பதில் முதல் எண் குளிர்ந்த நிலைக்கும், 40 சூடான நிலைக்கும் உரியது. இரண்டாவது ஏ.பி.ஐ. தரம். சி.எப்.-4, சி.ஐ.-4 எனச் 'சி' எழுத்தில் தொடங்குவது டீசல் இஞ்சினுக்கும், 'எஸ்' எழுத்தில் தொடங்குவது பெட்ரோல் இஞ்சினுக்கும் உரிய தரமாகும். இவ்விரண்டும் டிராக்டர் கைப்புத்தகத்தில் கூறியபடி இருந்தால் சர்வோ, மாக் முதலிய எந்த ஆயிலையும் ஊற்றலாம். அவசரத்திற்குப் பழைய ஆயிலுடன் சேர்த்து ஊற்றினாலும் கெடுதலில்லை. எனினும், முழுவதும் வடித்து மாற்றும்போது கம்பெனியை மாற்றுவதே சிறந்தது.

மாற்றும் முறை

1. இஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே பழைய ஆயிலை வடிக்கவும்.

2. ஆயில் பில்டரையும் மாற்றவும்.

3. சமதரையில் நிறுத்தி, அளவுக் குச்சியின் மேல்கோட்டைத் தாண்டாமல் ஊற்றவும். இஞ்சினை ஓட்டி, கசிவு உள்ளதா என்று பார்க்கவும். நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவை மீண்டும் சரிபார்க்கவும்.

4. மாற்றிய தேதியையும் மணிமானி காட்டும் எண்ணையும் குறித்து வைக்கவும்.

புதிய ஆயில் விரைவில் கறுத்தால் மட்டமானது என்று எண்ண வேண்டாம். டீசல் புகைக்கரியை அது தன்னுள் ஏந்திக்கொள்வதாலேயே கறுக்கிறது. ஆனால் பால்போல் வெளுத்தால் தண்ணீர் கலந்துள்ளது என்று பொருள். உடனே மெக்கானிக்கிடம் காட்டவும்.

கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்கிற்கும் உரிய ஆயில் வேறு. அவற்றில் இஞ்சின் ஆயிலை ஊற்றலாகாது. வடித்த ஆயிலைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. சீல் உடையாத டப்பாவையே ரசீதுடன் வாங்குங்கள். டப்பாவின் குறிகளைப் படித்து வாங்கினால், விதைப்பு வேளையில் உங்கள் டிராக்டர் ஆயிலுக்காகக் காத்து நிற்காது.