ஒரே விமானம், வீட்டுக்கு வீடு வேறு சத்தம்: ஒலியை விஞ்சும் பயணத்தின் தீராத சிக்கல்

1964 பெப்ரவரி முதல் ஜூலை வரை அமெரிக்காவின் ஒக்லஹோமா நகர மக்களின் தலைக்கு மேலே இராணுவ விமானங்கள் ஒலியை விட வேகமாகப் பறந்தன. இந்தச் சோதனையில் 1,253 தடவைகள் இடி போன்ற சத்தம் எழுந்தது. இதனோடு வாழவே முடியாது என்று நான்கில் ஒரு பங்கினர் கூறிவிட்டனர். 1973 இல், நிலத்துக்கு மேலாக இத்தகைய பயணிகள் விமானங்கள் பறப்பதை அமெரிக்கா தடை செய்தது.

அந்தத் தடையை நீக்குமாறு ஜனாதிபதி ட்ரம்ப் 2025 ஜூனில் உத்தரவிட்டார். அதே ஆண்டு ஒக்டோபர் 28 அன்று நாசாவின் எக்ஸ்-59 விமானம் முதன்முறையாகப் பறந்தது. இடிச் சத்தத்தைக் கார்க் கதவு மூடும் அளவுக்குக் குறைப்பதே அதன் நோக்கம்.

ஆனால் சத்தத்தைத் தீர்மானிப்பது விமானத்தின் வடிவம் மட்டுமல்ல. பகல் வெயிலில் நிலம் சூடாக, அதற்கு மேலுள்ள ஓரிரு கிலோமீற்றர் உயரமான காற்று குழம்பிச் சுழல்கிறது. குளத்தின் அடியில் வெயில் சில இடங்களில் பளிச்சென்றும் சில இடங்களில் மங்கியும் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே இந்தச் சுழல்கள் அதிர்வலையை ஓரிடத்தில் குவிக்கின்றன, இன்னோரிடத்தில் சிதறடிக்கின்றன. ஒரு வீட்டில் 'டமார்' என்பது, சற்றுத் தள்ளியுள்ள வீட்டில் மந்தமான முழக்கமாகக் கேட்கலாம்.

இதனை ஆராய நாசா 2016 இல் கலிபோர்னியாவின் வறண்ட பாலைவனத்திலும், 2017 இல் புளோரிடாவின் ஈரப்பதன் மிக்க கரையோரத்திலும் விமானங்களைப் பறக்கவிட்டது. தரையில் வரிசையாக ஒலிவாங்கிகள் வைக்கப்பட்டன. குழம்பிய காற்றுக்கு மேலே ஒரு சிறிய கிளைடர் விமானமும் அதே ஒலியைப் பதிவு செய்தது. இரண்டையும் ஒப்பிட்டால், இடையிலுள்ள காற்று செய்த மாற்றம் தெரியும்.

ஒவ்வொரு சுழலையும் முன்கூட்டியே கணிக்க முடியாது. எனவே அன்றைய காற்று, வெப்பம், ஈரப்பதன் ஆகியவற்றுக்குப் பொருந்தும் பல கற்பனைக் காற்றுவெளிகளைக் கணினியில் உருவாக்கி, ஒரே அதிர்வலையை அவை ஒவ்வொன்றினூடாகவும் செலுத்துகிறார்கள். கிடைப்பது ஒற்றை எண் அல்ல. சராசரிச் சத்தம் எவ்வளவு, அதைத் தாண்டும் வாய்ப்பு எவ்வளவு என்ற கணக்கே கிடைக்கிறது.

எக்ஸ்-59 ஐ ஊர்களுக்கு மேலே பறக்கவிட்டு மக்களிடம் கருத்துக் கேட்பது நாசாவின் திட்டம். எல்லா வீட்டு வாசலிலும் ஒலிவாங்கி வைக்க முடியாது என்பதால், யாருக்கு எவ்வளவு சத்தம் கேட்டிருக்கும் என்பதை இத்தகைய கணிப்புகளே நிரப்ப வேண்டும். புதிய ஒலி வரம்பு வெறும் சராசரியை மட்டும் பார்த்து வகுக்கப்பட்டால், காற்று சத்தத்தைக் குவிக்கும் இடத்தில் குடியிருப்பவர்கள் அந்தக் கணக்கில் காணாமல் போய்விடுவார்கள்.