சோபா வாடை சொன்ன பாடம்!

என் கணவர் ஆசையாய் வாங்கிப் போட்ட லெதர் சோபாவில், சில மாதங்களாக மூத்திர வாடை. 78 வயதான என் மாமியாருக்கு, அடக்க முடியாமல் சிறுநீர் கசிந்து விடும். சென்ட் அடித்தேன், வெயிலில் போட்டேன். வாடை போகவில்லை, தோல் தான் வெடித்தது.

ஆத்திரத்தில் ஒருநாள், 'வீட்டுக்கு நாலு பேர் வர முடியல...' என்று கத்தி விட்டேன். மறுநாளிலிருந்து அத்தை தரையில் தான் உட்கார்ந்தார். 'பாட்டி தண்ணியே குடிக்கறதில்லைம்மா...' என்று என் மகள் சொன்னபோது, பகீரென்றது.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். சிறுநீரில் கிருமித் தொற்று. தண்ணீரைக் குறைத்தால் இன்னும் மோசமாகும் என்று சொல்லி, மாத்திரை கொடுத்தார்.

சோபா தைப்பவரோ, 'வாடை உள்ளே ஸ்பாஞ்சுலம்மா இருக்கு' என்றார். ஜிப்பைத் திறந்து ஸ்பாஞ்சை எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்கு காய வைத்தேன். உறையின் உள்பக்கம் சமையல் சோடா தூவி, மறுநாள் தட்டி எடுத்தேன். வினிகரும், தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து, தோலைத் துடைத்தேன். (முதலில் மறைவான ஓரத்தில் துடைத்து, நிறம் போகிறதா என்று பார்ப்பது அவசியம்.) பின், ஈரத்துணியால் துடைத்து, பேன் காற்றில் உலர்த்தினேன்.

இப்போது வாடை இல்லை. ரப்பர் ஷீட், மேலே துண்டு விரித்து, அத்தையை மறுபடி சோபாவில் உட்கார வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நானே பாத்ரூமுக்கு அழைத்துப் போகிறேன்.

தோழியரே... பெரியவர்கள் உட்காரும் இடத்தில் வாடை வந்தால், முதலில் அவர்களை டாக்டரிடம் காட்டுங்கள். சோபாவை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்!

— ஒரு வாசகி, கோவை.