இடது காலுக்கு ஓர் ஆக்ஸிலரேட்டர்

விபத்தில் வலது காலை இழந்தவர்கூட கார் ஓட்டலாம். கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியில் ஆக்ஸிலரேட்டரைப் பிரேக்குக்கு இடப்பக்கம் கொண்டுவந்துவிட்டால் இடது கால் ஒன்றே இரண்டையும் பார்த்துக்கொள்ளும். சட்டமும் இதற்கு வழிவிடுகிறது. நிறுவனம் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்பதுதான் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றுத்திறனாளி தன் வண்டியைத் தனக்கேற்ப மாற்றிவிட்டு, பதிவு அலுவலரின் ஒப்புதலை அடுத்துப் பெறலாம். இது சலுகையல்ல, உரிமை.

உரிமை இருக்கிறது என்பதற்காகத் தெருமுனைப் பட்டறையில் ஒரு கம்பியை வெல்டிங் வைத்து ஓட்டிவிடாதீர்கள். இடப்பக்கப் பெடலைப் பழைய ஆக்ஸிலரேட்டரோடு ஒரு தண்டு இணைக்கும். அது தரையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். காலை எடுத்ததும் தானாக மேலே வர வேண்டும். பழைய பெடலுக்கு மறைப்புத் தகடு கட்டாயம். செயற்கைக் காலுக்கு உணர்ச்சி கிடையாது. அது பெடல்மேல் சாய்ந்தால் தெரியாது, வண்டி பாய்ந்த பிறகுதான் தெரியும். அன்றாடம் போடும் செருப்போடு உட்கார்ந்து மிதித்துப் பாருங்கள். ஒரே மிதியில் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து அமுங்கினால் இடைவெளி போதாது. கால்மிதி விரிப்பையும் சும்மா விடக் கூடாது. 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் சான் டியேகோ அருகே, பொருந்தாத விரிப்பில் ஆக்ஸிலரேட்டர் சிக்கிய லெக்ஸஸ் காரில் போன நால்வரும் இறந்தார்கள். அது நிறுவனம் பொருத்திய பெடல்.

மாற்றியதும் 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவை மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமத்திலும் மாற்றியமைத்த வாகனம் என்ற வகை இருக்க வேண்டும். அனுமதிக்குப் புறம்பான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவில் இடமுண்டு. எனக்குப் பெரிய கவலை காப்பீடுதான். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, விபத்து நடந்த பிறகு நிறுவனம் பணம் தர மறுக்கக்கூடும். ஆகவே அவர்களுக்கும் எழுத்தில் தெரிவித்து, ஒப்புகையை வாங்கி வையுங்கள்.

அலுவலகத்தில் “இதெல்லாம் முடியாது” என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் 57-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் புகார் கொடுக்கலாம்.